இருபதுக்குப் பூஜ்ஜியம்

அந்த நகரத்துக்கென்று ஒரு கூடைப்பந்து அணி கிடையாது. இருந்தும் ஞாயிறுதோறும் ஜனங்கள் மஞ்சள் பனியனோடு அரங்குக்கு வந்து, காலி ஆடுகளத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவார்கள். புள்ளிப் பலகையைத் துடைத்துவைப்பது சந்தனமேரியின் வேலை. அதில் எழுத அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஒரு ஞாயிறு, அட்டவணைப் பிழையால் வெளியூர் அணியொன்று ஒரு நடுவரோடு ஆட வந்து நின்றது. நடுவர் கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கு இருபதுக்குப் பூஜ்ஜியம் என்று வெற்றி என்பது விதி. விசில் ஊதினார். சந்தனமேரி சாக்பீஸை எடுத்தாள். "பூஜ்ஜியத்துக்கு மேல நம்ம ஊர் பேர எழுதும்மா," என்றார் முன்வரிசையில் ஒருவர். எழுதினாள். அரங்கமே எழுந்து நின்றது. அவர்களுடைய ஊர் முதன்முறையாகத் தோற்றிருந்தது. அன்று அவள் பலகையைத் துடைக்காமல் வீட்டுக்குப் போனாள்.