பேர் சொன்னால் அடங்கும்

குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரை ஷாமிளாவுக்குப் போன் செய்தார். வெளியே எழுபது கிலோ மாஸ்டிஃப் நாய் கதவோடு ஒட்டிப் படுத்திருந்தது.

“கூட்டை உடைச்சிட்டு வந்திருச்சு. ரெண்டு மணிநேரமா உள்ளயே கிடக்கிறேன். தாழ்ப்பாளத் தொட்டாலே உறுமுது.”

“கூடு வெயில்ல இருக்கு, அதுக்கு ஆகாதுங்க. தண்ணி வெச்சீங்களா?”

“இல்ல.”

“சாப்பாடு?”

“கிட்டப் போகவே பயம்.”

“பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அடங்கிரும்.”



“பேர் என்ன?”

 மூன்று வருடமாக அதைக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தவள் ஷாமிளா. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பங்களா மேட்டுக்கு ஓடிக்கொண்டே சொன்னாள்:

“ராசா. உங்க நாய்தானே, துரை? ‘நாயப் பாத்துக்க ஒரு ஆளா’ன்னு நேத்துத்தானே என்னை வேலைய விட்டு நிப்பாட்டினீங்க!”