கம்பிக்குக் கீழே குடை

மின்சாரம் நுழைந்த ஊரில் மூடநம்பிக்கை ஒரு நாள்கூடத் தங்காது. புவியீர்ப்பு விசைக்கு அடுத்த விதியாகவே இதை நான் கருதுகிறேன். எங்கள் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு மேலே புதிய மின்கம்பி பளபளக்கிறது. மழைத்துளிகள் அதில் வரிசையாகத் தொங்கி ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கூரைக்கடியில் இடமில்லை. இளைப்புக்காரரான குப்பண்ண மாமாவைப் பொள்ளாச்சி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். பிளாட்பாரத்தின் கோடியில் ஆளுக்கொரு குடையோடு நிற்கிறோம். மாமா கம்பியையே அண்ணாந்து பார்க்கிறார். "குடைக்கம்பி கரண்டை இழுத்துருமுங்க மாமா" என்கிறேன், முகத்தில் சிரிப்பே காட்டாமல். மாமா சட்டென்று குடையை மடக்குகிறார். பக்கத்தில் குடையோடு நிற்கும் எங்கள் ஊர் சரஸ்வதியம்மாளும் மடக்குகிறார். நான் சிரித்து முடிப்பதற்குள் மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிடுகிறது. அவர் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது. "சும்மா சொன்னேனுங்க மாமா, குடைய விரிங்க." "நா நனையக் கூடாதுன்னு இப்பப் பொய் சொல்றே. மொதல்ல உன்ற குடைய மடக்கு சாமி." "படிச்ச பையன் மொதல்ல சொன்னதுதானுங்க சரியா இருக்கும்" என்கிறார் சரஸ்வதியம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே. பயமில்லை என்று காட்ட நான் குடையை நன்றாக நிமிர்த்திப் பிடிக்கிறேன். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் சட்டையைப் பற்றிப் பின்னால் இழுக்கிறார். இழுத்த வேகத்தில் இருமல் வந்து குனிந்துவிடுகிறார். நான் சாரலடிக்கும் பக்கமாக நகர்ந்து, மாமாவை மறைத்து நின்று, சத்தமில்லாமல் குடையை மடக்குகிறேன். "இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்கிறார் மாமா, இருமலுக்கு நடுவே.