முன்னால் போனவர்

மே மாதத்தில் ஜப்பானின் கஸ்ஸான் மலையில் மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல்தான் இறங்கும். தமோட்சுவுக்குத் தன் காலில் மாட்டியிருந்த பனிச்சறுக்குப் பலகைகளின் நுனிகூடத் தெரியவில்லை.

“ஷிசுயோ அக்கா, எங்க இருக்கீங்க?”

“நாலடி முன்னால. என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க.”

“பனி பலகையைப் பிடிச்சு இழுக்குது.”

“சீசன் முடியுற பனி, பிசின் மாதிரி ஒட்டத்தான் செய்யும். ஒரு காலைக் கொஞ்சம் முன்னால வெச்சுக்குங்க. மலை மேல ஏத்திவிடுற கம்பி லிஃப்ட்டோட தூண்ல சக்கரம் கடகடங்குது பாருங்க, அது இடப்பக்கமே இருக்கட்டும். வலப்பக்கம் பள்ளம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“வாயை மூடினா கேக்கும்.”

மூடினான். கேட்டது.

அரை மணி நேரத்தில் இருவரும் அடிவாரம் வந்துசேர்ந்தார்கள். ஓடிவந்த லிஃப்ட் ஊழியர், அவர்கள் மேலே மாட்டியிருந்த மஞ்சள் சட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டார். முன்னால் வந்தவளின் சட்டையில் ‘பார்வையற்றவர்’ என்றும், பின்னால் வந்தவனின் சட்டையில் ‘வழிகாட்டி’ என்றும் எழுதியிருந்தது.

“சட்டையை மாத்திப் போட்டுட்டீங்களா?”

“இல்லைங்க, சரியாத்தான் போட்டிருக்கோம்,” என்ற தமோட்சு, தொப்பியைக் கழற்றிவிட்டு ஷிசுயோவின் முன் இடுப்பு வளையக் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றாள் அவள்.

“குனிஞ்சு நன்றி சொல்லிட்டிருக்கேன், அக்கா.”

“ஏழு வருஷமா எனக்கு வழி சொல்றீங்க. நன்றியையும் வாயால சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?” என்றாள் ஷிசுயோ, குரல் வந்த பக்கமாகத் தானும் குனிந்தபடி.