எண்பத்தேழாம் பக்கம்

கார்க் கதவை ஹென்ட்ரிக்தான் திறந்துவிட்டான். கைப்பையையும் கோப்புகளையும் அவனே சுமந்துகொண்டு டெல்ஃபினாவுக்கு இரண்டடி பின்னால் நடந்தான். கடற்படைத் தளத்தின் வாசற்காவலர் அவளுக்கு மட்டும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

டெல்ஃபினாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தரையைப் பார்த்தபடியே படியேறினாள்.

பிலிப்பைன்ஸின் சாமார் தீவுக் கரையில் கடற்படைக்குப் புதிய படகுத்துறை வரப்போகிறது. அதற்குத் திட்டம் போட்டுத் தரும் வேலையில் பிலிப்பினோக்களுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கே முதலிடம் என்பது விதி. ஹென்ட்ரிக் டச்சுக்காரன். அதனால் தன் நிறுவனத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை மனைவி டெல்ஃபினா பெயரில் எழுதிவைத்து, அவளையே தலைவராகவும் ஆக்கியிருந்தான். வெறும் பெயருக்குத்தான் என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் சிறை.

"என்னைப் பத்தி யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" மாடிப்படியில் கிசுகிசுத்தான்.

"என்கிட்ட வேலை பாக்குறவர்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை, நீ சிரிக்கல. மத்ததெல்லாம் நான் பேசிக்கிறேன் டெல்."

அவளால் எப்படிச் சிரிக்க முடியும்? கல்யாணத்துக்கு முன் அவனுடைய அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து, காபி போட்டுக் கொடுத்தவள் அவள். "பிரசிடெண்ட் மேடம், காபி கொண்டாரட்டுமா, இல்ல பழக்கதோஷத்துல நீங்களே போட்டுக்குவீங்களா?" என்று அங்கிருந்த பெண்கள் கேட்டது இன்னும் காதில் இருந்தது.

திட்ட அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் தலைவரின் கையெழுத்து வேண்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதை அவள் ஒன்பது நாள் இழுத்தடித்திருந்தாள்.

"கையெழுத்துப் போடுன்னா, நாவல் மாதிரி படிச்சிட்டு உக்காந்திருக்கியே!" என்று அவன் கேலி செய்தான்.

எண்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் பேனா வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அதிலும் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாடி அறையில், நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் கேப்டன் ஆரெவாலோ அந்த அறிக்கையைப் புரட்டினார். "ஒரே ஒரு கேள்வி மேடம். அலைத்தடுப்புச் சுவர் மூணு மீட்டர்னு போட்டிருக்கீங்க. அது போதுமா?"

"கணக்குப்படி பாத்தா…" ஹென்ட்ரிக் முன்னால் சாய்ந்தான்.

"உங்களக் கேக்கல சார். தலைவரக் கேட்டேன்."

மேசைக்கு அடியில் ஹென்ட்ரிக்கின் கால் அவள் காலை இடித்தது. 'போதும்னு சொல்லு' என்று அதற்கு அர்த்தம். டெல்ஃபினாவின் முகம் காதுவரை சிவந்தது.

"போதாது சார்."

குழுவில் இருந்த ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள்.

"நான் அந்தக் கரையில பொறந்தவ. சூறாவளி வந்தப்போ எங்க பள்ளிக்கூடத்து மாடி வரைக்கும் கடல் ஏறிச்சு. எண்பத்தேழாம் பக்கத்துல இருக்கிற அலைக்கணக்கு வேற ஏதோ கடலோடது. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அதச் சொல்லவே வெக்கமா இருக்கு. ஆறு மீட்டராவது வேணும் சார்."

ஹென்ட்ரிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "டெல்! உனக்கு என்ன தெரியும்? இது என்னோட…"

மீதி வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. மெல்ல மூடிக்கொண்டான்.

கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு மேடம் இவரு?"

அன்று காலையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த டெல்ஃபினா தலையை நிமிர்த்தினாள்.

"என்கிட்ட வேலை பாக்குறவர் சார். திருத்திடுவார்."