மூன்றாவது பீரியடுக்குள் ஐந்து முறை

அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். தரை காயவில்லை. அதற்குள் மறுபடியும் வந்து நின்றாள், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்காரி.

இன்றைக்கு இது ஐந்தாவது முறை. மூன்றாவது பீரியட் இன்னும் முடியவில்லை.

“ஈரமா இருக்கு, பாத்துப் போ” என்றேன். காதில் வாங்காமல் ஓடினாள். இந்த வரிசையில் தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு ஒன்றே ஒன்றுதான். அது எதுவென்று அவளிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

ஏழு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தின் பாத்ரூம்களைக் கழுவுகிறேன். காலையில் எழும்போதே என் முதுகு ‘இன்றைக்கும் போகணுமா’ என்று கேட்கும். போகாமல் முடியுமா?

பெண் பிள்ளைகள் எதற்கெல்லாம் இங்கே வருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. கணக்குப் பரீட்சை என்றால் வயிற்றுவலிக்காரிகள் கூட்டமாக வருவார்கள். தலை சீவுவதற்கு ஒருத்தி வருவாள். அழுவதற்கென்றே ஒருத்தி வருவாள். இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு வந்தால், வராத மூன்றாமவளின் தலை உருளப்போகிறது என்று அர்த்தம்.

இவள் எதிலும் சேர்த்தியில்லை.

மூன்று வாரமாக இப்படித்தான். தனியாக வருவாள். போவாள். குழாயில் வாய் வைத்துக் குடிப்பாள். பாட்டிலை நிரப்புவாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவாள். வகுப்பில் அவளுக்குத் ‘தண்ணித் தொட்டி’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் என் காதில் விழுந்தது.

நான் முறைப்பேன். சும்மா சும்மா வராதே, பாடத்தைக் கவனி என்று விரட்டுவேன். விரட்டினேனே தவிர, அவள் வருவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இன்று வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, நான் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பதினாலு வயசுப் பெண் பாத்ரூம் பக்கெட்டில் உட்காருவாளா? எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். யூனிபார்ம் பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்தபோது இதே பாவாடை இறுக்கிப் பிடித்தது. உயரம் கூடும் வயசு, உடம்பு வற்றத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன்.

அவள் பாட்டிலைக் குழாயில் நிரப்பி நீட்டினேன். ஒரே மூச்சில் காலி செய்தாள். குனிந்து பாட்டிலைத் திரும்ப வாங்கும்போது அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. பினாயில் நெடியையும் மீறி, கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாடை.

சாயங்காலத்தில் நான் ஒரு டாக்டரின் கிளினிக்கையும் பெருக்கித் துடைக்கிறேன். அங்கே சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கண்ணாடியில் விரல் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, படத்தை நின்று பார்த்ததில்லை. ஆனாலும் அது மனசில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓயாமல் தண்ணீர் குடிக்கும் பிள்ளை. ஓயாமல் பாத்ரூம் போகும் பிள்ளை. சட்டை தொளதொளக்க இளைத்துப்போன பிள்ளை. மேஜையில் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளை. கீழே ஒரு வரி: சர்க்கரை நோயாக இருக்கலாம், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை என்றால் வயசானவர்களுக்கு வருவது என்றல்லவா இருந்தேன்.

“எதுக்கு இத்தனை தடவை வர்றே?” என்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“அடக்க முடியல. ராத்திரியும்தான்” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாப்பை அப்படியே போட்டேன். கையைப் பிடித்து எழுப்பி, தாங்கி நடத்திக்கொண்டு, அவள் வகுப்பு வாசலில் போய் நின்றேன். வராந்தா நெடுக என் ஈரக் கால் தடம். எவள் துடைக்கிறாளோ துடைக்கட்டும்.

“டீச்சர், இந்தப் பிள்ளைக்கு முடியல. சர்க்கரையா இருக்கும்னு தோணுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எப்படி ஆயா கூட்டிட்டுப் போவீங்க? வீட்டுலேருந்து வரணும்ல? இருங்க, அவங்க அம்மாவுக்குப் போன் போடறேன்.”

“போட வேணாம் டீச்சர். நான்தான்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இங்கே நாம் யாரோ எவரோ என்று கண்டிஷன் போட்டது நான். பாத்ரூம் கழுவுகிறவள் மகள் என்று ஒரு வாய் அவளைச் சொல்லிவிடக் கூடாது என்று, சேர்த்த அன்றைக்கே போட்டேன். அவள் மாட்டேன் என்றுதான் அழுதாள். ஏழு வருஷத்தில் இங்கே யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. அதனால் மறைப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அவள் எழுவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவேன். கொஞ்ச நாளாக விடியற்காலையில் கொடியில் ஈரப் போர்வை தொங்குகிறது. வளர்ந்த பிள்ளை, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறாள், நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று போய்விட்டேன். பெற்ற பெண்ணை, அவள் விழித்திருக்கும்போது நான் பார்ப்பதே அந்தக் குழாயடியில்தான்.

அவள் என் தோளில் சாய்ந்தாள். கனமே இல்லை.

இந்த மூன்று வாரமும், என்னைப் பார்க்கத்தான் டீச்சரிடம் சாக்குச் சொல்லிவிட்டு ஓடி ஓடி வருகிறாள் என்று நினைத்து, உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.