பில்லில் ஒரு வரி

வேகத்தைக் கூட்ட விடுகிற பிராசசர் சிப்தான் வேண்டும் என்றாள் என் மருமகள் பூங்கோதை. கம்ப்யூட்டரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டிக் காட்டும் போட்டி அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரர் பெட்டியை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"வேகம் கூட்டினதுல கருகிட்டா, தானாப் போச்சுன்னு சொல்லுங்க ஐயா. அன்னிக்கே மாத்தித் தர்றேன்."

"பொய் சொல்லி வாங்குற குடும்பமில்லை எங்களது. வேகம் கூட்டத்தான் வாங்குறோம்னு பில்லிலேயே எழுதுங்க" என்றேன்.

"எழுதினா வாரண்டி போயிடும்."

"போகட்டும்."

"இது எரிஞ்சா போட்டியில நான் இல்ல, மாமா."

"எரியாம ஓட்டும்மா."

பூங்கோதை என்னையே பார்த்தாள். கடைக்காரர் பில்லில் அந்த வரியை எழுதியதும் பேனாவை வாங்கி, அதன் கீழே தான் ஓட்டப்போகும் வேகத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். எண்ணைப் படித்த கடைக்காரர் மிரண்டார்.

"இவ்வளவா? நீங்களாவது வேண்டாம்னு சொல்லக் கூடாதா ஐயா?"

நான் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.