பதினேழாம் எண் குடுவை

குடுவையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

தேங்காய் அளவுக் கண்ணாடிக் குடுவை. வாயில் ஒரு திருகு. கழுத்தில் ஒட்டிய சீட்டில் எண் பதினேழு. அதன் கீழே அவன் கையெழுத்து.

கெட்டது.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது.

மலை உச்சியில் காற்றுப் பிடிப்பது அவன் வேலை. வாரம் ஒரு குடுவை, நண்பகலில். உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் குடுவைகளை ஆய்வகம் அனுப்பிவைக்கும். அவன் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்பான். மூச்சை அடக்கிக் கையை நீட்டித் திருகைத் திறப்பான்.

மனித மூச்சு பட்டால் அந்தக் காற்று பயன்படாது.

போன மாசியில் ஒரு நாள் அவன் மனைவி சாப்பாடு கொண்டு வந்தாள். படியேறி நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். திருகு திறந்திருந்தது. தள்ளிப் போ என்று கையைக் காட்டினான். அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் மூச்சு விடாம உக்காந்திருந்தீங்க."

குடுவையின் மேலேயே சிரித்தாள்.

அவன் கோபித்துக்கொண்டான். திருகை மூடி, சீட்டில் எழுதினான். வேறு குடுவையில் பிடித்தான். அன்று மாலை வரை அவளிடம் பேசவில்லை.

பங்குனியில் காடு எரிந்தது.

பதினோரு நாள் புகை. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மலைப்பாதையை மூடியிருந்தார்கள்.

காற்று தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று அவளிடம் சொன்னவன் அவன்தான். வேதியியல் படித்தவன். வெயிலும் ஈரமும் சேரும்போது காற்றில் ஹைட்ராக்சில் என்று ஒன்று பிறக்கும். பிறந்ததும் ஒரு நஞ்சைப் பிடித்துச் சிதைக்கும். அதோடு தானும் தீர்ந்துபோகும். ஒரு நொடிகூட வாழாது.

"ஒரு நொடிதானா, பாவம்" என்றாள்.

அந்த வருடம் எங்கோ தொலைவில் கடல் சூடேறியது. இங்கே மழை தப்பியது. காற்றில் ஈரம் இல்லை. புகை வெயிலை மறைத்தது. பிறந்த கொஞ்ச ஹைட்ராக்சிலும் புகையோடு மல்லுக்கட்டியே தீர்ந்தது.

அவனுக்கு அது தெரியும். கருவியில் நஞ்சின் எண்கள் ஏறின. ஒவ்வொரு மணிக்கும் குறித்துவைத்தான்.

பக்கத்து அறையில் அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காற்று திசை மாறியது. மதியத்துக்குள் எதிர் மலை தெளிவாகத் தெரிந்தது. அவள் பார்க்கவில்லை.

குடுவைப் பெட்டி அந்த மாதம் மலை இறங்கவில்லை. அடுத்த மாதம் இறங்கியபோது அதில் பதினேழு இல்லை.

ஜீப் ஓட்டும் பாக்கியநாதன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மாதாமாதம் பெட்டியை வாங்கிப் போகிறவர்.

"பதினேழு மட்டும் ஒரு வருசமா வரலையாம் சார். லேப்ல என்னையத் திருடன் மாதிரி பாக்குறாங்க." அவன் கையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிரவா?"

வேண்டாம் என்று தலையசைத்தான்.

ஆய்வகத்தில் குழாயை மாட்டுவார்கள். பம்பு ஓடும். கால் மணி நேரம் ஆகும். பிறகு குடுவை திரும்பவும் வெறுமையாக மேலே வரும்.

எழுந்து திறந்தவெளி மேடைக்கு நடந்தான்.

வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. காற்று குடுவையைக் கடந்து தன்மேல் படும்படி நின்றான். முகத்துக்கு நேராகக் குடுவையை வைத்துத் திருகைத் திறந்தான்.

சத்தம் எதுவும் வரவில்லை.

ஒரு மூச்சில் என்னென்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எது எத்தனை நாள் காற்றில் நிற்கும் என்றும் தெரியும். சில இரண்டு மாதத்தில் போய்விடும். மீத்தேன் மட்டும் ஒன்பது வருடம் நிற்கும். அதுவும் வெயிலும் ஈரமும் ஒழுங்காகக் கழுவினால்.

கழுவாத வருடங்களில் இன்னும் கொஞ்சம் நிற்கும்.

பாக்கியநாதன் பின்னால் வந்து நின்றார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ மழ ஏமாத்தாது சார். காத்துலயே ஈரம் தெரியுது பாருங்க. காடு பொழச்சுக்கும்."

மழை வேண்டாம் என்று தோன்றியது அவனுக்கு.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். இழுத்த மூச்சை அவன் இன்னும் விடவில்லை.